லைட் குக்கிங்

"அங்க சிங்கப்பூர்ல நம்மள எப்படிங்கக்கா பார்ப்பாங்க?" என்றுதான் அவள் ஆரம்பித்தாள். இனவெறி என்ற சொல்லை உடனே எடுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரமாட்டார்களாமே, கொரோனா சமயத்தில் நடைப்பயிற்சி போன ஒரு அம்மாவை ஒருத்தர் நெஞ்சில் உதைத்தாராமே (2021 மே மாதம் சுவா சூ காங்கில் நடந்ததை எங்கேயோ படித்திருக்கிறாள்) என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில்தான், "இனவெறி இருக்குங்களாக்கா? உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தமிழ் இங்க அதிகாரத்துவ மொழி. தீபாவளிக்கு லீவு. தைரியமா கிளம்பி வா" என்றேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பதிலை மனசுக்குள் எத்தனை முறை திருப்பிச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சில நாள் அது சொல்ல வேண்டிய ஆறுதல்தான் என்று படுகிறது. சில நாள் பச்சைப் பொய்யாகப் படுகிறது.

அவள் அப்போது பொள்ளாச்சியில் இருந்தாள். கணவருக்கு சாங்கி பிசினஸ் பார்க்கில் ஈபியில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை பாஸ்) வேலை. நான் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ட், அவர்தான் என் கிளையண்ட். தெம்பனிசில் ஒரு மூவறை வீட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வாய்ட் டெக்கில், அதாவது பிளாக்கின் திறந்த தரைத்தளத்தில், நின்றுகொண்டிருந்தோம். அவர் வீடியோ காலில் மனைவியைப் பிடித்து, "இவங்க இங்கயே பிறந்து வளர்ந்தவங்க, நீயே கேட்டுக்கோ" என்று ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டார். அதனால் அவள் ஒரு ஏஜென்ட்டிடம் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரியிடம், ஒரு அக்காவிடம் கேட்டாள். உறுத்துவது அதுதான்.

அன்று காலையிலிருந்து என் ஃபோனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தரப்பு ஏஜென்ட்டுக்கு முதலில் ப்ரொஃபைல் போக வேண்டும்: எந்த நாடு, என்ன இனம், என்ன பாஸ், எத்தனை பேர், எப்போது குடிவருவார்கள், சமையல் எப்படி. விளம்பரத்தில் எந்த இனத்தையும் ஒதுக்கி எழுதக்கூடாது என்று எங்களுக்கு வழிகாட்டி நெறி இருக்கிறது, அதனால் விளம்பரத்தில் எதுவும் இருக்காது, வாட்ஸ்அப்பில் இருக்கும். அன்று 11 பேருக்கு அனுப்பினேன். மூன்று பேர் "சாரி, ஓனர் நோ இந்தியன்" என்று நேராகவே போட்டார்கள். ஒருத்தர் "லோக்கல் இந்தியன் என்றால் ஓகே" என்றார். நாலு பேர் நீல டிக் விழுந்ததோடு சரி. ஏன் இவ்வளவு குறைவாகவே வீடு பார்க்கக் கிடைக்கிறது என்று கணவர் கேட்டபோது, "அந்த பிளாக்ல எல்லாம் கோட்டா முடிஞ்சிடுச்சு" என்றேன்.

வெளிநாட்டவர் கோட்டா என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுசாக வாடகைக்கு விடும்போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டவர்களுக்கு ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காடு, ஒரு பிளாக்கில் 11 விழுக்காடு என்று வரம்பு. அது இனம் பார்ப்பதில்லை. 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை இனம் பார்க்கும், ஆனால் அது வீடு வாங்குவதற்கும் விற்பதற்கும். அதனால் கோட்டா என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது, அரசாங்க விதி என்று நினைத்துப் போய்விடுவார்கள். பல வருஷமாக எத்தனையோ 'நோ இந்தியன்'களை இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். வாடகைக்கு வருகிறவர் மனசு நோகக்கூடாது என்றுதான் செய்தேன். அவருக்கு நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றவிடவில்லை.

அதற்கப்புறம் அனுப்பிய ப்ரொஃபைல்களில் ஒரு வரி சேர்த்தேன். "இந்தியன் கப்பிள், ஹஸ்பெண்ட் ஈபி, வைஃப் டிபி, நோ கிட்ஸ், வெரி க்ளீன், லைட் குக்கிங்." டிபி என்பது ஈபிக்காரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் பாஸ். லைட் குக்கிங் என்றால் வாசனையும் புகையும் வராத சின்னச் சமையல். அந்தப் பெண் எப்படிச் சமைப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்த வரியோடு போன வீடுதான் திறந்தது. மாதம் 2,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு வருஷ ஒப்பந்தம். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு இறங்கிய கையோடுதான் அவள் என்னைக் கேட்டாள், நானும் ஒண்ணுமில்லை என்றேன்.

அவள் வந்தாள். பால் காய்ச்சிய அன்று என்னையும் கூப்பிட்டு, கேசரி கொடுத்தாள். வீடு பிடித்திருந்தது, எதிர் வீட்டு மலாய்ப் பாட்டி முதல் நாளே வந்து பேசிவிட்டுப் போனார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

எட்டு மாசம் கழித்து ஒரு மதியம் மெசேஜ் வந்தது. "அக்கா, லைட் குக்கிங்னா என்னங்கக்கா?"

வீட்டுக்கார அம்மா ஏர்கான் சர்வீசுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அடுப்பில் புளிக்குழம்பு. அவர் எதுவும் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். தன் ஃபோனை எடுத்து, அவருடைய ஏஜென்ட் அவருக்கு ஃபார்வர்ட் செய்திருந்த என் மெசேஜைக் காட்டி, "உங்கள் ஏஜென்ட் இப்படித்தான் சொன்னார்" என்றிருக்கிறார். ஆக, எட்டு மாசத்துக்கு முன் தன்னைப் பற்றி என்ன எழுதி இந்த வீடு கிடைத்தது என்பதை அவள் தன் சமையலறையில் கரண்டியோடு நின்று படித்திருக்கிறாள்.

"நீங்க எழுதினதாங்கக்கா?" என்று அடுத்த மெசேஜ்.

"எல்லாருக்கும் அப்படித்தான்மா எழுதுவோம், ஃபார்மாலிட்டி" என்று பதில் போட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுந்து பழைய மெசேஜ்களைத் தேடினேன். உண்மையிலேயே எல்லாருக்கும் அப்படி எழுதுகிறேனா என்று பார்க்கத்தான், என்னை எப்படியாவது நியாயப்படுத்திக்கொள்ளத்தான். ஒரு பிரெஞ்சு ஜோடிக்கு எழுதியதில் சமையல் பற்றி ஒரு எழுத்து இல்லை. மலேசியாவின் ஜோகூரிலிருந்து வந்த ஒரு சீனக் குடும்பத்துக்கு "குக்ஸ் டெய்லி" என்றே போட்டிருக்கிறேன், பயமே இல்லாமல். 'வெரி க்ளீன்', 'லைட் குக்கிங்' இரண்டும் சேர்ந்து வந்தது இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான். யாரும் என்னிடம் கேட்பதற்கு முன்பே நானே முந்திக்கொண்டு அவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் 2011 ஆகஸ்டில் இங்கே கறிப் பிரச்சினை (இங்கே கறி என்றால் மசாலாக் குழம்பு) வந்தபோது நானும் கொதித்தவள். சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று புகார் செய்ய, சமரசத்தில், அந்தக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு வர, 50,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அன்று எங்கள் வீட்டிலும் மீன் கறி. மேல் மாடி சீன ஆன்ட்டி ஒரு சட்டி கோழிக் கறியோடு இறங்கி வந்தார், காரிடரில் நின்றே சாப்பிட்டோம். அந்த நாளை நான் இன்றைக்கும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். அதே நான்தான் இந்த வரியையும் எழுதினேன்.

சரி, எழுதாமல் இருந்திருந்தால்? வீடு கிடைத்திருக்காது, அல்லது இன்னும் இரண்டு மாசம் ஆகியிருக்கும், அவர் அதுவரை நாலு பேரோடு ரூமில் இருந்திருப்பார், அவள் பொள்ளாச்சியில் காத்திருந்திருப்பாள். இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். அடுத்த நிமிஷமே, இரண்டு மாசம் காத்திருப்பதா, இரண்டு வருஷம் ஜன்னலை மூடிக்கொண்டு தாளிப்பதா என்று அவளிடம் கேட்டிருக்கலாமே, அவள்தானே முடிவு செய்ய வேண்டியவள் என்று தோன்றும். ஆமாம், ஜன்னலை மூடிக்கொண்டுதான் தாளிக்கிறாள். அந்த மெசேஜுக்கு அப்புறம் ஒரு நாள் அவளே சொன்னாள். புகையில் கண் எரிகிறதாம்.

அவள் ஊரில் நாலு வருஷம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். இங்கே டிபியில் வந்தவர்கள் 2021 மே 1ஆம் தேதியிலிருந்து வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனக்கென்று ஒரு வேலை அனுமதி எடுத்தாக வேண்டும், முன்பு மாதிரி கடிதம் வாங்கிக்கொண்டு போக முடியாது. அது அவளுக்கு இன்னும் அமையவில்லை. 2025 ஜனவரியில் வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது அவள் கணவர் எனக்கு அந்தச் செய்தியை அனுப்பி, "நல்ல விஷயம்ங்க மேடம்" என்று எழுதியிருந்தார். நல்ல விஷயம்தான், அவருக்கு. ஆபீசில் ஆளெடுப்பதற்கு அது பொருந்தும். அவளுக்கு ஆபீஸ் எங்கே இருக்கிறது? லிஃப்ட், காரிடர், ஈரச்சந்தை, அந்தச் சமையலறை, இவ்வளவுதான் அவளுடைய சிங்கப்பூர். அவள் பயந்து கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அந்த இடங்களில்தான் இருந்தது. அதில் ஒரு இடத்தை அவளுக்குச் சுருக்கிக் கொடுத்தவள் நான்.

உண்மையைச் சொல்வதென்றால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தொடக்கப்பள்ளியில் என்னை 'அப்பு நேனே' என்று, இந்தியர்களைக் கேலி செய்யும் அந்தச் சொல்லால், கூப்பிட்டதையா? லோக்கல் இந்தியன் பரவாயில்லை என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வருகிறதே, அதையா? ஊரிலிருந்து வருபவர்கள் வேண்டாம் என்று சொன்ன தமிழ் வீட்டுக்காரர்களைப் பற்றியா? அதையெல்லாம் வாய்ட் டெக்கில் நின்று வீடியோ காலில் ஒரு புதுப்பெண்ணிடம் சொல்ல முடியுமா? அதே சமயம், 'ஒண்ணுமில்ல' என்ற அந்தச் சொல்லைத் தவிர நான் சொன்னதில் எதுவும் பொய்யும் இல்லை. தமிழ் அதிகாரத்துவ மொழிதான், தீபாவளிக்கு லீவுதான், எதிர் வீட்டுப் பாட்டி ஹரிராயாவுக்கு (ஈகைத் திருநாளுக்கு) அவளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார். உண்மையான விஷயங்களை வைத்தே ஒருத்தியை ஏமாற்ற முடியும் என்பது எனக்கு இந்த வயசில்தான் தெரிகிறது.

அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். அம்மா 1974ல் மன்னார்குடியிலிருந்து அப்பாவோடு சேர்ந்து வாழ வந்தவர், அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் இருந்தார். "நீ வந்த புதுசுல யாராச்சும் ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"சொன்னாங்களோ என்னவோ. எனக்குத்தான் பாஷை தெரியாதே."

"தெரிஞ்சப்புறம்?"

"தெரிஞ்சப்புறம் நீ பொறந்துட்டே."

அதற்கு மேல் அம்மா அந்தப் பேச்சை வளர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் அந்தப் பெண் கூப்பிட்டாள். ஒப்பந்தம் முடிகிறது, வேறு வீடு பார்க்க வேண்டும். வேறு ஏஜென்ட்டிடம் போய்விடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். "நீங்களே பாருங்கக்கா" என்றாள். "ஆனா அந்த வரி வேண்டாம். தினமும் சமைப்போம்னே எழுதுங்க. யாராவது வேண்டாம்னு சொன்னா, அவங்க சொன்னதை அப்படியே எனக்கு அனுப்புங்க. கோட்டான்னு சொல்லாதீங்க."

கோட்டா விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. சரிம்மா என்றேன்.

அவள் சொன்னபடியே எழுதி ஒன்பது பேருக்கு அனுப்பினேன். இன்று காலை வரைக்கும் இரண்டு பதில் வந்திருக்கிறது. இரண்டையும் திறந்து படித்துவிட்டேன். ஃபார்வர்ட் பட்டனை அழுத்தி, அவள் பெயரைத் தேடி எடுத்து, அங்கேயே நிற்கிறேன்.