வெறும் வண்டியின் சத்தம்

“தம்பி, நெல்லு மூட்டை ஏத்தினா ஒரு சத்தமும் இல்லை. இறக்கிப்போட்டு வெறுமையாய் வரேக்கைதான் கீழே கிடந்து உதறுது.”

வட இலங்கையில் ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளத்தில் உள்ள எங்கள் கராஜுக்கு வந்த ஐயா சொன்னது இது. அவருடைய பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்கு வேறோர் இடத்தில், பின் அச்சின் நடுவிலுள்ள பல்லுப் பெட்டியான டிபரன்ஷலின் பெயரிங்குகளை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். சத்தம் போகவில்லை. கியர்பெட்டியில் இருந்து அந்தப் பெட்டிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீட்டுத் தண்டான புரொப்பலர் ஷாப்ட்டையே தடிப்பானதாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்.

நான் தொழில் பழகியது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில். கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலம். ஷாப்ட்டைக் கோணத்திலும் சுழலவிடும் மூட்டுத்தான் யூ ஜோயின்ட். அது புதிதாகக் கிடைக்காது. தேய்ந்ததைக் கழற்றி, உள்ளிருக்கும் சிலுவையைக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டுவோம். ஊசி பெயரிங் அழுத்திப் பள்ளம் விழுந்த பக்கம் விலகி, தேயாத பக்கத்தில் சுமை விழும். இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். நல்லாயிருக்கிற சாமானைத் தெரியாமல் கழற்றி உடைத்துவிட்டால் மாற்று இல்லை. அதனால் எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணை, “எப்ப சத்தம் வருது?” என்று கேட்டு முடிக்கும் வரை ஸ்பனரைத் தொட விடமாட்டார். 2002இல் கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபின் சாமான்கள் வந்தன. கேட்பது குறைந்துபோனது. அது எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

அந்த ‘எப்ப’வில்தான் பாதி வேலை இருக்கிறது. ரிவேர்ஸ் போட்டதும் ‘டக்’ என்றால் முதலில் யூ ஜோயின்ட்டைப் பார்ப்பேன். மெதுவாகப் போகையில் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டால் அதே ஜோயின்ட்டில் கிறீஸ் காய்ந்திருக்கும். அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விட்டதும் வேறு மாதிரியும் ஊளையிட்டால் டிபரன்ஷல் பல்லு. வளைவில் கூடிக் குறைந்தால் சில்லு பெயரிங். முன்சில்லு இழுக்கும் கார்கள் முழுக்க வெட்டித் திரும்பும்போது ‘கட கட’ என்றால் முன்சில்லுக்குச் சுழற்சி கொடுக்கும் மூட்டான வெளிப்பக்கத்துச் சீ.வி. ஜோயின்ட். பெரும்பாலும் ரப்பர் உறை கிழிந்து, நம்முடைய கிரவல் புழுதி உள்ளே போயிருக்கும்.

ஐயா சொன்னது இவை எதிலும் அடங்கவில்லை. சுமை ஏறினால் சத்தம் கூடுவதுதானே வழக்கம்? கீழே படுத்துப் பார்த்தேன். நெல் ஏற்றுவதற்கென்று பின் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். வெறுமையாக நிற்கும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கி நின்றது. இரண்டு துண்டாயிருக்கும் ஷாப்ட்டின் பின்துண்டு அளவுக்கு மிஞ்சிச் சரிந்திருந்தது. கோணத்தில் சுழலும் யூ ஜோயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தணியும். துண்டின் இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றை மற்றது ஈடுகட்டிவிடும். இங்கே சமமில்லை. அந்த உதறலில், ஷாப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயரிங்கின் ரப்பரும் வெடித்திருந்தது. மூட்டை ஏறியதும் ஸ்பிரிங் தாழ்ந்து கோணம் அடங்கிவிடும். அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

“எவ்வளவு தடிப்பான ஷாப்ட் போட்டாலும் கோணம் மாறாது ஐயா” என்றேன். ஒரு பிளேட்டைக் கழற்றினோம். புதுச் சென்டர் பெயரிங்கை வாஷர் கொடுத்துக் கொஞ்சம் தாழ்த்திப் பூட்டினோம். அதன் பிறகுதான் ஷாப்ட். வயலுக்குள் சேற்றில் சுமையோடு இழுக்கிற வண்டி, ஆகவே தடிப்பான ஷாப்ட் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கேற்ப ஜோயின்ட்டும் பெரிதானால் அதைப் பிடிக்கும் கவட்டையும் பிளாஞ்ச் என்ற பூட்டுத் தட்டும் சேர்ந்து மாற வேண்டும். லேத்தில் தடித்த குழாயில் செய்வித்து, பலன்ஸ் பார்த்து எடுத்தேன். கிறீஸ் நிப்பிள் உள்ள ஜோயின்ட்தான் போட்டேன். சேற்றுத் தண்ணீர் புகுந்தாலும் புதுக் கிறீஸ் அடித்து வெளியே தள்ளலாம்.

பூட்டி ஓடிப் பார்த்தால் நாற்பதிலேயே மறுபடி உதறல். நெஞ்சு திக்கென்றது. நெல் விற்ற காசில் செய்விக்கிறார் மனிதர். திரும்பக் கழற்றினேன். பின்துண்டின் இரண்டு கவட்டைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும். இடையில் வழுக்கும் பல்லு வெட்டிய இணைப்பான ஸ்ப்ளைனை நான் ஒரு பல்லுத் தள்ளிச் செருகியிருந்தேன். அடையாளக் கோடு போடாதது என் பிழை. அதை ஐயாவிடமே சொல்லிவிட்டு, கோடு போட்டு நேராக்கினேன்.

வெறும் வண்டியில் ஐயாவையும் ஏற்றிக்கொண்டு கரிப்பட்டமுறிப்பு வரை போனேன். ரேடியோவை அவரே நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டே வந்தார். திரும்பி வரும் வழியில் சொன்னார்: “தம்பி, இப்ப ரயர் றோட்டிலை உருளுற சத்தம் கேக்குது.”