சயர் மார்கஸ் மில்லர் வி7, ஐந்து கம்பி: முதலில் பி கம்பியைச் சரிபண்ணுங்கள்

பேஸ் கிட்டார் கலைஞர் மார்கஸ் மில்லர் என்றால் 1977 ஃபெண்டர் ஜாஸ் பேஸும், கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் ஸ்லாப்பும்தான். கிட்டார் செய்பவரான ரோஜர் சடோவ்ஸ்கி அதில் ப்ரீஆம்ப் (சத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் திருத்தும் மின்சுற்று) வைத்து, பாடாஸ் என்ற பிரிட்ஜை (கம்பிகளை உடலோடு பிடிக்கும் உலோகப் பகுதி) மாட்டிக் கொடுத்தார். அந்த வகைச் சத்தத்தைக் கைக்கு எட்டுகிற விலையில் தருவதுதான் சயர் நிறுவனத்தின் வி7 பேஸ். ஆனால் மில்லருடைய அந்தப் பேஸ் நான்கு கம்பி. ஐந்தாவதாக வரும் தாழ் பி 30.87 ஹெர்ட்ஸ்; ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் நீளம்) மட்டும் அதே 34 அங்குலம். கம்பி தளர்வாகத்தான் இருக்கும். வி7-இன் பி கொழகொழக்கிறது என்று சொல்வதற்குமுன் செட்டப்பை, அதாவது கழுத்து வளைவு, கம்பி உயரம் போன்றவற்றின் சீரமைப்பைப் பாருங்கள்.

சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும். 1-ஆம் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளே ஃப்ரெட்டுகள்), கழுத்து உடலோடு சேருமிடத்து ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்தினால், 8-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் 0.3 மி.மீ. சொச்சம் இடைவெளி வேண்டும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) வலப்புறமாகக் கால் சுற்று, அதற்குமேல் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, மறுநாள் பாருங்கள். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் கரகரப்பு என்றால் கழுத்து அளவுக்குமேல் நேராகிவிட்டது, ராடைத் தளர்த்த வேண்டும். 12-க்கு மேலே கரகரத்தால் ராடைத் தொடாதீர்கள், சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) உயர்த்துங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் பி 2.5 மி.மீ., ஜி 2 மி.மீ. உயரம் பெரும்பாலான கைகளுக்குச் சரிவரும்.

புதுக் கம்பி மாட்டியதும் சேடிலை ஒட்டிக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிவிடுங்கள். தடித்த பி கம்பி அந்த இடத்தில் வில்லாக வளைந்து நிற்கும்; அப்படியே விட்டால் சத்தம் மங்கும், சேடிலை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) ஒத்துவராது. 0.125 அங்குலத் தடிமனுக்குப் பதில் 0.135 கம்பி போட்டால் இழுவிசை கூடும், உண்மைதான். ஆனால் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) பள்ளத்தில் அது உட்காராமல் மேலே நிற்கும். பள்ளத்தை அரத்தால் அகலமாக்க வேண்டியிருக்கும். கம்பியை நறுக்குமுன் நறுக்கப்போகும் இடத்துக்கு முன்னால் செங்குத்தாக மடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேல்சுற்று தளர்ந்து கம்பியே வீணாகும்.

கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தப் பிக்கப்பின் உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபோது பி கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே 3 மி.மீ. விடுங்கள். அதிகம் நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, சுருதி அலையும். ட்யூனரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தப் பேஸ் எதற்கும் ஒத்துவருவதற்குக் காரணம், இரண்டு பிக்கப்புகளைக் கலக்கும் பிளெண்ட் குமிழும் நடு அலைவரிசைக் குமிழும். பிளெண்ட் நடுவில் இருந்தால் நடுச்சுரங்கள் சற்றுக் குழிந்து ஸ்லாப்புக்குத் தோதாகும், இரைச்சலும் அடங்கும். பிரிட்ஜ் பக்கம் திருப்பினால் விரல் வாசிப்பில் உறுமல் வரும். பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) என்பதால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே வரும். கழுத்துப் பிக்கப் மட்டும், டோன் பாதி, பாசிவ் (ப்ரீஆம்ப் இல்லாத நிலை; அது வேலை செய்தால் ஆக்டிவ்): மெல்லிசைக்கு இதுவே போதும். இசைக்குழுவில் பேஸின் சத்தம் காணாமல்போனால் தாழ்சுரத்தைக் கூட்டும் ‘பேஸ்’ குமிழை ஏற்றாதீர்கள். மிடிலைக் கொஞ்சம் ஏற்றி, அதன் அலைவரிசைக் குமிழை மெதுவாகத் திருப்பி, சத்தம் முன்னால் வரும் இடத்தில் நிறுத்துங்கள். தாழ் பி சின்ன ஸ்பீக்கரில் கேட்பதே பெரும்பாலும் அதன் மேல்சுரங்களால்தான் (ஹார்மோனிக்ஸ்). தாழ்சுரத்தை ஏற்றினால் ஸ்பீக்கரின் கோன் திணறும், அவ்வளவுதான்.

ஆக்டிவில் சத்தம் திடீரென்று பிசிறடித்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்கிறது என்று அர்த்தம். மேடையில் சிறு சுவிட்சைப் பாசிவுக்குத் தட்டினால் போதும், கச்சேரி நிற்காது. ஈக்யூ குமிழ்கள் (பேஸ், மிடில், ட்ரெபிள்) மட்டும் அப்போது வேலை செய்யாது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்தால் ப்ரீஆம்ப் இரவு முழுக்க மின்சாரம் குடிக்கும்.