காலை எட்டு மணி, வரிசையில் 23ஆவது ஆள்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஜனவரி இரண்டாம் வாரம் விமானம். மென்பொருள் வேலை, இங்கிலாந்துக்கு மூன்று ஆண்டு விசா. மேற்கு மாம்பலத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மாடிப்படியில் உட்கார்ந்து நேற்று மாலை பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். குக்கர், புளி, பருப்புப் பொடி எல்லாவற்றையும் அவள் அம்மா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அக்கா, அங்கே டாக்டரைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டம் என்கிறார்களே, உண்மையா?"

உண்மைதான் என்றேன். அவள் அம்மாவின் முகம் வாடிவிட்டது. அப்படிப் பாதியில் விட மனம் வரவில்லை. முழுவதையும் சொன்னேன். 2022 செப்டம்பரில் நான் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகருக்குக் கிளம்பியபோது எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் எழுதியும் வைக்கிறேன்.

அயோத்தியா மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக் இருந்தது. மாலை ஆறரைக்குக் கதவைத் திறப்பார்கள். கம்பவுண்டர் எண் எழுதிய அட்டையைக் கையில் கொடுப்பார். எட்டு மணிக்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிடலாம். "என்ன, பழைய ஆஸ்துமாவா?" என்று அவரே கேட்பார். நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே ஸ்டெதாஸ்கோப் முதுகில் இருக்கும். அம்மா பக்கத்தில் நின்று மீதியைச் சொல்லிவிடுவார். முப்பத்தோரு வயதுவரை என் உடம்புக்கு என்ன என்பதை நானே ஒரு அந்நியரிடம் முழு வாக்கியமாகச் சொன்னதில்லை. அங்கே போன பிறகுதான் இது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவத்துக்கான கட்டணத்தை வாங்கிவிடுகிறார்கள். நான் போனபோது ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 624 பவுண்டு. 2024 பிப்ரவரி 6 முதல் அது 1,035 பவுண்டு. பக்கத்து வீட்டுப் பெண் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 3,105 பவுண்டை முன்பணமாகக் கட்டியிருக்கிறாள். மருத்துவப் பணியாளர் விசாவில் போகும் செவிலியர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. இவ்வளவு கட்டிய பிறகு, போய் இறங்கியதும் ஒரு டாக்டர் நமக்காகக் காத்திருப்பார் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நாமாகப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு அருகில் உள்ள பொது மருத்துவர், அவர்கள் பேச்சில் ஜி.பி., நமக்கு முதல் வாசல். அவர் இருக்கும் இடத்தை அங்கே சர்ஜரி என்பார்கள். "நாளைக்கு சர்ஜரிக்குப் போகிறேன்" என்று ஒருமுறை தொலைபேசியில் சொல்லிவிட்டு, அம்மா அன்றிரவு தூங்கவே இல்லை என்று மறுநாள் கேட்டு வருந்தினேன். எங்கள் பகுதி சர்ஜரியில் மின்கட்டண ரசீது கேட்டார்கள். வாடகை வீட்டில் என் பெயரில் ரசீது இல்லை. இரண்டு மாதம் அலைந்தேன். பதிவு செய்ய முகவரிச் சான்றோ அடையாள அட்டையோ கட்டாயமில்லை என்பதுதான் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸின் விதி. அது தெரிந்திருந்தால் முதல் நாளே பணிவாகச் சொல்லியிருப்பேன். ஆகவே பெண்ணுக்கு நான் சொன்ன முதல் விஷயம்: வீடு கிடைத்த வாரமே பதிவு செய்துவிடு, காய்ச்சல் வந்த பிறகு படிவம் தேடாதே.

என் சோதனை 2024 ஜனவரியில் தொடங்கியது. மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போனது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. சென்னையாக இருந்தால் அன்று மாலையே அம்மாவோடு போயிருப்பேன். அங்கே காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். எட்டு அடித்த நொடியில் அழைத்தேன். வரிசையில் நீங்கள் 23ஆவது ஆள் என்றது பதிவு செய்த குரல். இருபத்தைந்து நிமிடம் இசை ஓடியது. என் முறை வந்தபோது அன்றைய இடங்கள் தீர்ந்துவிட்டன, நாளை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள் என்றார் வரவேற்பாளர். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டே காதில் வைத்திருந்தேன். சுரங்கப்பாதைக்குள் பஸ் நுழைந்ததும் தொடர்பு அறுந்தது.

நான்காம் நாள் கிடைத்தது. "என்ன பிரச்சினை என்று சொல்ல முடியுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். என் நாக்கு எழவில்லை. பக்கத்தில் கணவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார், மறுமுனையில் முகம் தெரியாத ஒருவர். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை இவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று கோபமும் வந்தது. "கொஞ்சம் அசதியாக இருக்கிறது" என்றேன். எவ்வளவு நாளாக என்று கேட்டார். "சில நாளாக. சமாளித்துக்கொள்கிறேன்" என்றேன். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

அவர் மீது பல நாள் கோபமாக இருந்தேன். இன்று நினைத்துப் பார்த்தால், நான் கொடுத்த சொற்களுக்கு அவர் கொடுத்த தேதி சரிதான். எந்த அழைப்பு அன்றே டாக்டரிடம் போக வேண்டும், எது காத்திருக்கலாம், எதை மருந்துக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார் என்று பிரிப்பதற்காகத்தான் வரவேற்பாளர் கேட்கிறார். அவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. நாடியைப் பிடிப்பதில்லை. நம் வாயிலிருந்து வரும் வார்த்தைகளை மட்டும் வைத்துத்தான் பிரிக்கிறார். நமக்கோ பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே பழக்கம். வலியைக் குறைத்துச் சொல்வதை நல்ல குணம் என்று நம் வீடுகளில் பெண்களுக்குக் கற்பித்து வைத்திருக்கிறோம். அந்தப் பரவாயில்லையை அங்கே எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வாரம் வேலையிடத்துச் சமையலறையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். என்னுடன் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அங்கே போய் இருபது ஆண்டுக்கு மேலாகிறது. தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒரு காகிதத்தையும் பேனாவையும் முன்னால் வைத்தார். "எப்போது தொடங்கியது, எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுகிறீர்கள், முன்பு செய்ய முடிந்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை. எல்லாவற்றையும் எண்ணோடு எழுதுங்கள்" என்றார். எழுதினேன். கடைசியில் "மன்னிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை அடித்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். பதினோரு மணிக்கு ஜி.பி. கூப்பிட்டார். மாலையில் இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் வெறும் 7.6. அன்றிரவே மருந்துக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை காத்திருந்தது. அதே சர்ஜரி, அதே தொலைபேசி எண், ஒருவேளை அதே வரவேற்பாளர். இடையில் மாறியது நான் சொன்ன விதம் மட்டுமே.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்கேனுக்கு ஏழு வாரம். கருப்பையில் நார்க்கட்டி என்று தெரிந்தது. அங்கே சிறப்பு மருத்துவரை நாமாகத் தேடிப் போக முடியாது, ஜி.பி. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் போன நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது என்.எச்.எஸ். தனக்குத்தானே வைத்துக்கொண்ட அளவு. பல ஆண்டுகளாக அதை எட்ட முடியவில்லை. கொரோனாவுக்குப் பிறகு பட்டியல் இன்னும் நீண்டு, 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் மட்டும் 77 லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் காத்துக்கிடந்தன. அந்த எண்ணில் ஒன்றாக நானும் போய்ச் சேர்ந்தேன். ஆகஸ்டில்தான் மகளிர் நோய் மருத்துவரைப் பார்த்தேன். நவம்பரில் கட்டியை அகற்றினார்கள்.

அந்த மாதங்களில் அம்மா தினமும் தொலைபேசியில் அழுதார். "கிளம்பி வந்துவிடு, இங்கே இரண்டே நாளில் முடித்துவிடலாம்" என்பார். அப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். நானும் டிக்கெட் விலை பார்த்தேன். தயங்கியதற்குக் காரணம் இருந்தது. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை என்றால் அப்பாவின் வைப்புத்தொகையில்தான் கைவைக்க வேண்டும். அங்கே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில் யாரும் என்னிடம் ரசீது நீட்டவில்லை. சிகிச்சையின்போது நோயாளியிடம் காசு கேட்பதில்லை என்று 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய ஏற்பாடு, எத்தனை தள்ளாடினாலும், இன்றும் அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறது. காத்திருந்த எட்டு மாதம் என் உடம்பை வதைத்தது என்பதும் உண்மை, கடனில்லாமல் வீடு திரும்பினேன் என்பதும் உண்மை.

இந்த முறை விடுமுறைக்கு வந்த பிறகு இன்னொன்றையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும். சென்ற செவ்வாய்க்கிழமை அவரோடு ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தபோது ஓ.பி. சீட்டுக்கு முன்னால் ஏற்கெனவே அறுபது பேர். சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க ஒரு வரிசை. டாக்டர் பார்த்தது இரண்டு நிமிடம் இருக்கும். பாவம், அவர் முன்னால் அத்தனை கூட்டம். ஆனால் அன்றே பார்த்தார், மாத்திரையும் அன்றே கைக்கு வந்தது, ஒரு ரூபாய் செலவில்லை. மதியம் ஒன்றரைக்குத் திரும்பினோம். இரண்டு வீட்டு வேலை போய்விட்டது, ஒரு வீட்டில் சம்பளம் பிடிப்பார்கள் என்றார் அக்கா. "சென்னையில் டாக்டரைப் பார்ப்பது சுலபம்" என்று கோவென்ட்ரியில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! நான் சொன்ன சென்னை மாலை ஆறரை மணிக் கிளினிக்கின் சென்னை. இந்த அக்கா அந்த வாசலை மிதித்ததே இல்லை.

மாடிப்படிக்குத் திரும்புகிறேன். பெண்ணுக்குச் சில விவரங்கள் சொன்னேன். இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ முடியாமல் போனால் 111ஐ அழைக்கலாம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. தொண்டை வலி, குழந்தைகளின் காதுவலி, அக்கி போன்ற ஏழு தொல்லைகளுக்கு 2024 ஜனவரி இறுதியிலிருந்து மருந்துக் கடையிலேயே பார்த்து, தேவைப்பட்டால் மருந்தும் தருகிறார்கள். மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 2024 மே முதல் 9.90 பவுண்டு. மாதா மாதம் மருந்து வேண்டுமென்றால் ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டும் திட்டம் லாபம். அந்த எட்டு மணிப் போராட்டத்தைக் குறைக்க, 2025 அக்டோபர் 1 முதல் வேலை நேரம் முழுவதும் இணையத்தில் கோரிக்கை அனுப்பும் வசதியைத் திறந்து வைக்க வேண்டும் என்று சர்ஜரிகளுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. பேசக் கூசுகிறவர்கள் நிதானமாக உட்கார்ந்து எழுதலாம். சர்ஜரிக்குச் சர்ஜரி நடைமுறை மாறும் என்பதையும் சொன்னேன். பெரும்பாலானவை என்.எச்.எஸ்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டாக்டர்களே நடத்துபவை. டாக்டர் கிடைத்தால் பெரும்பாலும் பத்து நிமிடம்தான். மூன்று தொல்லை இருந்தால் பெரியதை முதலில் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில் கதவருகே நின்று "இன்னொன்று டாக்டர்" என்பது அங்கே எடுபடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டே அக்கா, அதை எப்படிச் சொல்வது?" என்றாள்.

"அது ஒன்றுமில்லை, தைலம் தேய்த்தால் போய்விடும்" என்றார் அவள் அம்மா.

என் பையிலிருந்து காகிதம் எடுத்துக் கொடுத்தேன். எழுதத் தொடங்கினாள். மாதத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரம். வெளிச்சம் பார்க்க முடியாது. இரண்டு நாள் அலுவலகத்துக்கு விடுப்பு. எழுத எழுத அவள் அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இரண்டு நாள் விடுப்பா? என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார்.

பெண் நிமிரவில்லை. கடந்த ஆண்டு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயர் நினைவுக்கு வரவில்லை என்றாள். அம்மா எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையோடு கொண்டுவந்து மடியில் கொட்டி, தேதிவாரியாக அடுக்கத் தொடங்கினார்.