தாளில் சமம், கையில் ஏற்றத்தாழ்வு
பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரான் 1716இல் வெளியிட்ட ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) வாசிப்பு நூலில், இத்தாலியர்கள் இசையை உண்மையான கால அளவிலேயே எழுதுகிறார்கள், பிரெஞ்சுக்காரர்களாகிய நாமோ எழுதுவது ஒன்றும் வாசிப்பது ஒன்றுமாக இருக்கிறோம் என்று கூறி, அதைத் தம் நாட்டு எழுத்துமுறையின் குறையாகவே கருதுகிறார். படிப்படியாக ஏறியிறங்கும் குவேவர் (முழுச் சுரத்தின் எட்டில் ஒரு பங்கு கால அளவுள்ள) சுரங்கள் தாளில் சமமாக இருந்தாலும், வாசிப்பில் ஒவ்வொரு இணையிலும் முதற்சுரம் சற்று நீள, அடுத்தது அந்த அளவுக்குக் குறுகும். தாவிச் செல்லும் சுரங்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது; சமமாகவே வாசிக்க வேண்டுமானால் இசையமைப்பாளர் சுரங்களின்மேல் புள்ளியிட்டு உணர்த்துவார். நீட்டலுக்கு நிலையான விகிதம் கிடையாது. சிலர் இதனை எங்கும் 2:1 என்றே இறுக்கிப் பிடிப்பது எனக்கு உவப்பாக இல்லை. சரபாந்து என்னும் மெதுவான நடன இசை ஒன்றில், மெல்லச் சாய வேண்டிய நடை அதனால் நொண்டத் தொடங்கிவிடுகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் பிரெஞ்சுப் பாணிப் படைப்புகளுக்கும் இவ்வழக்கு பொருந்துமா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.