அலுவலகம் ஹூஸ்டனில், பணியிடம் எங்கேயோ

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் ஸ்பெஷல் ஏஜென்ட், அதாவது புலனாய்வு அதிகாரி, பணிக்கு இன்று விண்ணப்பம் அனுப்பினேன். 37 வயது நிறைவதற்குள் பணியில் சேர்ந்துவிட வேண்டும் என்பது விதி. 57 வயதில் கட்டாய ஓய்வு, அதற்கு முன் 20 ஆண்டுப் பணி என்ற கணக்கிலிருந்து வந்த வரம்பு அது. எனக்கு 34 நடக்கிறது. எல்லாக் கட்டங்களும் முடிய ஓராண்டுக்கு மேல் இழுப்பது சாதாரணம் என்பதால், இனித் தள்ளிப்போட இடமில்லை. குடியுரிமை, பட்டம், இரண்டாண்டு முழுநேர வேலை அனுபவம் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. தணிக்கைத் துறையில் பத்தாண்டுக்கும் மேலாக இருக்கிறேன்.

"ஆபீஸ் ஹூஸ்டன்லதானே, வீட்டுலேர்ந்தே போய்ட்டு வந்துடலாம்" என்று அம்மா மகிழ்ந்தார்.

மார்ச் 2, சனி

முதல் கட்டத் தேர்வு முடிந்தது. மூன்று மணி நேரம், கணினியில். கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பதால் அவற்றைப் பற்றி எழுத மாட்டேன்.

ஏப்ரல் 18, வியாழன்

கள அலுவலகத்தில் இன்று அறிமுகச் சந்திப்பு. போமான்ட், கார்ப்பஸ் கிறிஸ்டி முதலிய ஊர்களின் கிளைகளும் ஹூஸ்டனின் கீழ்தான் வருகின்றன. இத்தகைய கள அலுவலகங்கள் நாடு முழுவதும் 50-க்கும் மேல் உள்ளன. நாம் விண்ணப்பிப்பது அவற்றில் ஒன்றின் வழியாக. பணியமர்த்தப்படுவதோ எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். வர்ஜீனியாவில் உள்ள க்வான்டிகோ அகாடமியில் ஏறக்குறைய 18 வாரப் பயிற்சி, அங்கிருக்கும்போதே முதல் பணியிடம் தெரியவரும். அலாஸ்காவின் ஆன்கரேஜ் என்றாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீடு திரும்பியதும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஆன்கரேஜ் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாடு முடியும்வரை அவர் பேசவில்லை.

ஹூஸ்டனிலேயே இருக்க விரும்புபவருக்குத் தடயவியல் கணக்காளர் என்ற வேறொரு வாசல் உண்டு. துப்பாக்கி கிடையாது, கைது செய்யும் அதிகாரம் கிடையாது, 37 வயது வரம்பும் கிடையாது. வங்கிக் கணக்குகளில் பணம் போன தடத்தைப் பிடித்து, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்லும் வேலை. என் படிப்புக்கு நேராகப் பொருந்துவது அதுதான் என்று அங்கேயே ஒருவர் கனிவாகச் சொன்னார். தவறில்லை. ஆனால் பணம் எங்கே போயிற்று என்று கண்டறிந்து அறிக்கை எழுதியதோடு விலகிக்கொள்ளும் வேலையைத்தான் இத்தனை ஆண்டும் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடப்பவற்றைச் செய்பவளாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஜூலை 14, ஞாயிறு

எழுத்துத் தேர்வும் மூன்று ஏஜென்ட்கள் நடத்திய நேர்காணலும் தேறி, நிபந்தனையுடன் கூடிய பணி வாய்ப்புக் கடிதம் வந்துவிட்டது. அடுத்தது உடற்தகுதித் தேர்வு: ஒரு நிமிட சிட்-அப், 300 மீட்டர் ஓட்டம், புஷ்-அப், 1.5 மைல் ஓட்டம். நான்கில் ஒன்றிலும் பூஜ்யம் வாங்கக் கூடாது. பெண்களுக்கு முதல் புள்ளி கிடைக்கவே 14 புஷ்-அப் வேண்டும். கையின் மேற்பகுதி தரைக்கு இணையாகும்வரை இறங்காவிட்டால் அது எண்ணப்படாது. ஓட்டத்துக்கு நான் அஞ்சவில்லை, ஹூஸ்டன் ஜூலைக்குத்தான் அஞ்சுகிறேன். காலை ஆறு மணிக்கே சட்டையைப் பிழியலாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

புஷ்-அப் உட்பட நான்கிலும் தேறியாயிற்று. இப்போது எஸ்.எஃப்.-86 என்னும் பாதுகாப்பு அனுமதிப் படிவம், நூறு பக்கங்களுக்கு மேல். பத்தாண்டு முகவரிகள், பத்தாண்டு வேலைகள், ஏழாண்டு வெளிநாட்டுப் பயணங்கள் எல்லாம் இடைவெளியின்றி வர வேண்டும். இதுவரை பிறர் கணக்கில் நான் கேட்ட கேள்விகளை எல்லாம் இந்தப் படிவம் என் வாழ்க்கையைப் பார்த்துக் கேட்கிறது, முறையான கேள்விகள்தான்.

வெளிநாட்டவருடனான தொடர்பு பற்றிய பகுதியில் இரண்டு நாட்களாக நிற்கிறேன். பாசம், செல்வாக்கு, இருவருக்கும் பொதுவான ஆர்வம், கடமை இவற்றில் எதனாலாவது நம்மோடு பிணைக்கப்பட்டு, நெருங்கிய அல்லது தொடர்ச்சியான தொடர்பில் உள்ள வெளிநாட்டவர் ஒவ்வொருவரையும் எழுத வேண்டும். தஞ்சாவூர்ச் சொந்தங்களின் வாட்ஸ்அப் குழுவை இந்த இலக்கணத்தில் எப்படி அடக்குவது? தினமும் காலை வணக்கப் படம் அனுப்பும் பெரியப்பா மகனோடு நான் தனியாகப் பேசியதே இல்லை. மாமாவோடு வாரந்தோறும் பேசுகிறேன். மாமா பெயரை எழுதினேன். பிறந்த தேதியைக் கேட்டு அவருக்குத் தொலைபேசினேன்.

"சர்டிபிகேட்டுல ஒண்ணு, ஜாதகத்துல ஒண்ணு இருக்கேம்மா, உங்க போலீசுக்கு எது வேணும்?" என்றார்.

சான்றிதழில் உள்ளதை எழுதிவிட்டு, மற்றதைக் குறிப்புப் பகுதியில் விளக்கியிருக்கிறேன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இருப்பதையும் தெரிவித்துவிட்டேன். அது குடியுரிமை ஆகாது என்றாலும், கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பாலிகிராஃப் என்னும் பொய்யறியும் சோதனைக்குத் தேதி வந்துவிட்டது. என் பின்னணியைச் சரிபார்க்கும் விசாரணையாளர் அண்டை வீட்டாரையும் பழைய மேலாளர்களையும் சந்திப்பார் என்பதால், படிவத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். எதிர்வீட்டுக்காரர் மட்டும், நல்ல விதமாகச் சொல்ல வேண்டுமா, உள்ளதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். உள்ளதையே சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். நள்ளிரவில் நான் சலவை இயந்திரம் ஓட்டுவது உட்பட.