எம்மேப் அழைப்பில் ஆர்10 ஏன்?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் அசெம்பிளி (செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் நிரல்மொழி) பழகும் தம்பி தங்கைகள் தடுக்கி விழும் இடம் இது. எம்மேப் (mmap) என்பது 64 பிட் (x86-64) லினக்ஸிடம் நினைவகம் கேட்கும் அழைப்பு. அதற்கு ஆர்ஏஎக்ஸ் (rax) பதிவேட்டில், அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், அழைப்பின் எண் 9. மற்றப் பதிவேடுகளில் அழைப்புக்கான உள்ளீடுகள்: ஆர்டிஐ 0, ஆர்எஸ்ஐ 4096 (கேட்கும் அளவு, பைட்டில்), ஆர்டிஎக்ஸ் 3. அதாவது படிக்கவும் எழுதவும் அனுமதி. ஆர்8 -1 (கோப்பு இல்லை), ஆர்9 0. நான்காவது உள்ளீடான 34-ஐ (32 + 2) ஆர்சிஎக்ஸில் வைக்காதீர்கள், ஆர்10-இல் வையுங்கள். லினக்ஸை அழைக்கும் சிஸ்கால் (syscall) கட்டளை, திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸில் எழுதிவிடும், ஆர்11-உம் அழியும்.

ஆர்ஏஎக்ஸில் விடையாக -22 வந்தால் முதலில் ஆர்10-ஐயும் அளவையும் பாருங்கள். -9 என்றால் பெரும்பாலும் ஆர்10-இல் 32-ஐ விட்டுவிட்டு வெறும் 2 கொடுத்திருப்பீர்கள். விடை பூஜ்ஜியமா என்று சோதிப்பது வீண். -4095 முதல் -1 வரைதான் பிழை.

100 பைட் கேட்டாலும் முழுப் பக்கமே (4096 பைட் கொண்ட நினைவகத் துண்டு) கிடைக்கும். அதனால் கொஞ்சம் எல்லை தாண்டி எழுதினால் நிரல் உடனே சாகாது. வம்பே அதுதான். நினைவகத்தைத் திருப்பித் தர ஆர்ஏஎக்ஸில் 11. ஆர்டிஐயில் முகவரி, ஆர்எஸ்ஐயில் அளவு.