எலும்புச் செட்டுக்கு ரசீது உண்டா?

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும் பை ஒன்று உண்டு. படிப்பதற்கான மனித எலும்புகள் அதில் இருக்கும். ‘ஹாஃப் செட்’ என்பார்கள். மண்டை ஓடு, கீழ்த்தாடை, முள்ளெலும்புகள், விலா, ஒரு பக்கத்துக் கை கால். மூக்குக்குள் இருக்கும் மெல்லிய எலும்பு நொறுங்கியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். யாருடைய எலும்பு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்பதாக இருந்தால் எத்தனை பேருடையது என்றுதான் கேட்க வேண்டும்.

இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். ஒரே ஆளுடையது என்றால் மூட்டு முகங்கள் ஒன்றோடொன்று பதிந்து உட்காரும். மூன்றாவதில் ஆட்டம் கண்டால் அங்கே வேறொருவர் வந்துவிட்டார். கழுத்தின் முதல் எலும்பான அட்லஸை மண்டை ஓட்டின் அடியில் பொருத்திப் பார்த்தாலும் தெரியும். வளரும் வயதில் எலும்பின் முனைகள் தனித்துண்டாக இருந்து பிறகுதான் ஒட்டும், தொடையின் கீழ்முனை முதலிலும் இடுப்பின் மேல்விளிம்பு அதற்குப் பிறகும். ஆகவே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு முழுக்க ஒட்டியிருக்க, தொடை எலும்பின் கீழ்முனை இன்னும் ஒட்டாமலிருந்தால், ஒரு பெரியவரும் ஒரு வளரும் பிள்ளையும் ஒரே பையில் இருக்கிறார்கள். தனித்தனி உடலை வாங்காமல் குவியலிலிருந்து எடுத்துச் செட் சேர்க்கும் வியாபாரம் இப்படித்தான் வெளிப்படும்.

அந்தக் குவியலுக்குப் பெயர்போன ஊர் கல்கத்தா. 1984இல் மட்டும் இந்தியாவிலிருந்து சுமார் 60,000 மண்டை ஓடுகளும் எலும்புக்கூடுகளும் வெளிநாடு போனதாக அன்றைய பத்திரிகைக் கணக்கு. குழந்தைகளின் எலும்புக்கூடுகளோடு ஒரு வியாபாரி பிடிபட்டதாகச் செய்தி கிளம்பிய பிறகு, 1985இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஆனாலும் 2007இல் மேற்கு வங்கத்தின் பர்த்வான் மாவட்டம் பூர்பஸ்தலியில் போலீஸ் சோதனையில் எலும்புகள் குவியலாகச் சிக்கின. செய்முறையும் அப்போது வெளியே வந்தது. உடலை வலையில் கட்டி ஆற்றில் ஒரு வாரம் அமிழ்த்துவது, மீனும் பாக்டீரியாவும் தின்றது போக மிஞ்சியதைக் காஸ்டிக் சோடா கலந்த நீரில் கொதிக்கவைப்பது, வெயிலில் காயப்போட்டு அமிலத்தில் வெளுப்பது. அமிலத்தில் நேரம் கூடினால் கால்சியம் கரைந்து மேற்பரப்பு பொரிந்துபோகும். கொழுப்பைச் சரியாக எடுக்காத எலும்பு, வருடங்கள் கழித்தும் மஞ்சளாகி எண்ணெய் கசியும். காவி நிறமும் வேர் ஓடிய தடமும் இருந்தால் அது மண்ணுக்குள் கிடந்தது. அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

சட்டத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. மாநில உடற்கூறியல் சட்டங்கள், உரிமை கோரப்படாத உடலை அங்கீகரித்த கல்லூரிக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகின்றன. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திசுக்களுக்கும் விரிந்தது. ஆனால் அதன் கவலை சிகிச்சைக்காகப் பொருத்தும் எலும்பைப் பற்றியது, அலமாரியில் காயும் எலும்பைப் பற்றியதல்ல. மயானத்தில் அத்துமீறுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 301. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. அதிலும் பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே செய்தார் என நிரூபிக்க வேண்டும். தோண்டி எடுத்தவரைப் பிடிக்கவே இவ்வளவு பாடு என்றால், நான்கு கை மாறி வாங்கிய மாணவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

பிரிட்டனிலும் நிலைமை விசித்திரம்தான். 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டப்படி, இறந்து நூறாண்டு ஆகாதவரின் எலும்பைப் பொதுக் காட்சிக்கு வைக்க உரிமம் வேண்டும். பழைய எலும்புக்கூட்டை விற்பதற்குத் தடையில்லை. அதனால் ‘1985க்கு முந்தைய இந்தியச் சரக்கு’ என்ற வர்ணனை அங்கே ஏதோ தரச்சான்று மாதிரி ஓடுகிறது. தடைக்கு முன்பு போனதென்றால் சம்மதத்தோடு போனதென்று அர்த்தமா என்ன! இணையச் சந்தையான ஈபே 2016இலேயே மனித எலும்பு விற்பனையை நிறுத்திவிட்டது.

பிளாஸ்டிக் மாதிரியை ஆசிரியர்கள் குறை சொல்வதில் நியாயம் உண்டு. மண்டை ஓட்டுத் துளைகள் பலவற்றில் அடைந்தே இருக்கும், தசை ஒட்டும் சொரசொரப்பு விரலுக்குத் தட்டாது. அதற்கு மருந்து, உடல்தானமாக வந்தவற்றிலிருந்து துறையே எலும்பைத் தயாரித்து, எண் போட்டு, நூலகம் போல இரவல் கொடுப்பது.

ஏற்கெனவே வீட்டில் செட் இருப்பவர்கள் அதைக் குப்பையில் போடாதீர்கள். யாராவது கண்டெடுத்தால் போலீஸ் வரும், தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும், பழைய எலும்புச் செட் என்று முடிவாவதற்குள் ஒரு கொலை விசாரணையே நடந்திருக்கும். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் அனாட்டமி (உடற்கூறியல்) துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, எந்த வருடம் யார் கைவழியாக வந்தது என்று தெரிந்தவரை குறிப்பிட்டு, ஒவ்வொரு எலும்பையும் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். பட்டியலின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.